செம்புச் சுத்தியலோடு வந்த கார்

மகனே,

இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. உனக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கும் பிள்ளை படிக்கலாம், உன் மாமா படிக்கலாம். தொப்பி போட்டுக்கொண்டு கொழும்பிலிருந்து வந்தாரே அந்த ஐயா, அவர் கட்டாயம் படிக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பேசும்போது நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டு "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்கிறாய். அந்த ஓமில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் வருகிறார். இரும்பில் எண் குத்தும் அச்சுகளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நம் காரின் அடிச்சட்டத்தில் அழிந்துபோன இலக்கத்தைத் திரும்ப அடித்து, காரின் வரலாறு என்று அவர் எழுதி வைத்திருக்கும் தாளில் நான் கையெழுத்தும் போட்டுவிட்டால், காரை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நீ சரி என்று சொல்லிவிட்டாய். நான் இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

அந்த ஐயாவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று என்னை அங்கிள் என்றார். முன்பின் தெரியாத ஒருவர் என்னை அங்கிள் என்று கூப்பிட்டால், நான் முதலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பேன். கண்டாவளை ஊருக்குள் நம் ஒழுங்கைக்கு வழியை அவருக்கு யார் காட்டியது? நீதான். கொட்டிலில் கல்லின்மேல் ஏற்றி வைத்திருந்த காரைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டு, "சும்மா போட்டனான் அப்பா" என்றாய். சும்மா போட்ட படத்தைப் பார்த்து ஒரு மனிதன் கொழும்பிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவானா? வந்தவர் காரைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. பழைய கார் பார்க்க வந்தவன் எஞ்சினை மூடும் பொனற்றைத் தடவுவான், இருக்கையில் ஒரு தடவை குந்திப் பார்ப்பான். இவர் விலைகூடிய காற்சட்டையோடு நேரே மண்ணில் மல்லாந்து படுத்து, முன் வலது ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடத்துக்கு டோர்ச் அடித்தார். "அங்கிள், இங்கதானே நம்பர் இருக்கணும்?" என்றார். "செல் துண்டு பட்டுப் போச்சு" என்றேன். சிறு வயதிலிருந்து உனக்கும் அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யுத்தத்திலயா? அது நல்ல கதை அங்கிள்" என்றார். செல் குண்டு விழுந்ததை நல்ல கதை என்று சொன்ன மனிதனுக்கு உன் அம்மா பால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நானென்றால் பாலில்லாத பிளேன்டீயோடு அனுப்பியிருப்பேன்.

வரலாறு கேட்டார் அல்லவா, நானே எழுதுகிறேன். இங்கிலாந்தில், உலக யுத்தத்துக்கு முன்னால் செய்த கார் அது. செய்த கொம்பனியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்தக் கடிதம் யார் யார் கைக்குப் போகுமோ தெரியாது. கூரை கிடையாது, இரண்டே இருக்கை, பொனற்றை ஒரு தோல் வாரால் இறுக்கிக் கட்டியிருக்கும், கை பிரேக் உடலுக்கு வெளியே நிற்கும். சந்தைக்குப் போய்வரச் செய்த கார் அல்ல, பந்தயத்துக்கென்றே செய்தது. மலைநாட்டில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதைக் கப்பலில் இறக்கினார். மலையேற்றப் பந்தயம் என்று அங்கே ஒன்று நடக்கும். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒவ்வொரு காராகத் தனியே விட்டு, மேலே போய்ச் சேர எடுத்த நேரத்தைப் பார்ப்பார்கள். உன் தாத்தா மாரிமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அதைப் பார்த்துத் துரை அவரைக் கார்க் கொட்டிலுக்கு எடுத்துக்கொண்டார். ஒரு பந்தயத்தில் எஞ்சின் வெடித்தது, வேறு எஞ்சின் வந்தது. இன்னொன்றில் கார் தேயிலை மேட்டில் மோதி வலப்பக்கத் தகடு முழுவதும் நசுங்கியது, தாத்தா புதிதாக அலுமினியத் தகடு அடித்துப் போட்டார். பெயர் பொறித்த பித்தளைத் தகடும் அந்த மோதலிலேயே எங்கோ விழுந்துவிட்டது. பந்தயக் காருக்கு இதெல்லாம் சகஜமாம். எஞ்சின் மாறும், உடல் மாறும், சக்கரச் சில்லு மாறும், கடைசிவரை மாறாமல் இருப்பது அடிச்சட்டமும் அதில் குத்திய இலக்கமும்தான், இதுதான் அந்தக் கார் என்று சொல்ல அதைவிட வேறு சாட்சி இல்லை என்று தொப்பிக்கார ஐயா சொன்னார். அவர் சொன்னதில் அது ஒன்றைத்தான் நான் ஒப்புக்கொள்கிறேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை நாட்டை விட்டுப் போனார். போகும்போது காரைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது தாத்தா சொன்ன கதை. அதை அவர் சொல்லும் விதம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "அந்தக் காருக்கு சாவி கெடையாது தம்பி. சுவிச்சு மாதிரி ஒண்ணத் தட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணணும். அதனால தொர என்ன பண்ணாரு, சில்லு கழட்டுற செம்புச் சுத்தியல எடுத்து என் கையில வச்சாரு. இனிமே இது ஒன்னோடதுன்னாரு." அந்தக் காரின் சில்லுகளுக்கு நான்கு ஐந்து நட்டு கிடையாது, நடுவில் இரண்டு காது வைத்த ஒரே நட்டு. காது நசியாமல் இருக்கச் செம்புத் தலை வைத்த சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். எனக்கு அந்தக் கதை அப்போதே உதைத்தது. ஒரு துரை காரைக் கொடுத்தால் ஒரு கடதாசி எழுதிக் கொடுக்க மாட்டாரா? சுத்தியலைக் கொடுத்தாராம். இனக்கலவரத்தோடு நாங்கள் மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்தபோது காரைக் கழற்றி, லொறியில் விறகுக்கும் பாத்திரத்துக்கும் கீழே வைத்துக் கொண்டுவந்தோம். வழியில் பொலிஸ்காரர்கள் மறித்து "என்ன இது?" என்று கேட்டார்கள். தாத்தா கொஞ்சமும் யோசிக்காமல் "தண்ணி பம்ப் எஞ்சினுங்க" என்றார். எனக்கு அப்போது பதினேழு வயது. சொந்தப் பொருளுக்கு யாராவது பொய் சொல்வார்களா என்று நினைத்தேன். அன்று உள்ளே விழுந்த சந்தேகம் பிறகு வெளியே போகவே இல்லை.

வன்னிக்கு வந்த பிறகும் எங்களை யார் நம்பினார்கள்? தோட்டத்திலிருந்து வந்தவன் என்றால் கடையில் சாமானுக்குப் பக்கத்திலேயே ஆள் நிற்கும். உன் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் காணியில் குடியேறிய குடும்பம், அவளை எனக்குக் கட்டிக் கொடுத்ததையே ஊர் மூன்று வருடம் கதைத்தது. தாத்தா இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. காரைத் திரும்பப் பூட்டினார். யுத்தத் தடையால் பெற்றோல் வன்னிக்குள் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினார். பந்தய எஞ்சின் மண்ணெண்ணெய் குடிக்காது, இடிக்கும். அவர் எஞ்சின் தலைக்குக் கீழே தடித்த தகடு ஒன்றை வெட்டி வைத்து, அதன் வீறாப்பைக் குறைத்து, குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி ஸ்டார்ட் பண்ணுவார். ஒழுங்கை முழுவதும் புகை மண்டும். உன் அம்மாவுக்கு வலி கண்ட அன்று அதில்தான் அவளை ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார். இரண்டு இருக்கைதான் என்பதால் நான் பின்னால் சைக்கிளில் போனேன். போகும் வழி முழுக்க, கிழவர் மருமகளுக்காகப் போகிறாரா, காரை மிதித்து ஓட்ட ஒரு சாட்டு கிடைத்தது என்று போகிறாரா என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது நீ பிறந்திருந்தாய். "உவன் மண்ணெண்ணெய் மணத்தோட பிறந்தவன்" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அந்த நேரத்தில்கூட அவரைச் சந்தேகப்பட்டேன் பார், அப்படிப்பட்ட ஆள் நான்.

நீ தவழத் தொடங்கிய நாட்களில், எல்லா வாகனங்களின் விவரத்தையும் கொண்டுவந்து பதிய வேண்டும் என்று இயக்கத்துப் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்று உன் மாமா வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, வாய்தான் சும்மா இருக்காது. "அத்தான், குறை நினைக்காதேங்கோ. தோட்டத்தில எண்ணெய் போட்டவருக்கு எந்தத் துரை ரேஸ் கார் குடுப்பான்? யோசிச்சுப் பாருங்கோவன். உந்த நம்பரை ஆரும் பார்த்துக் கேட்டா என்ன சொல்லுவியள்?" என்றார். நான் அவர் சொன்னதை எதிர்க்கவில்லை. இருபது வருடமாக நானே எனக்குள் கேட்டதைத்தானே அவர் வாய்விட்டுக் கேட்டார். தாத்தாவிடம் போய், "கார் எடுத்ததுக்கு ஏதும் துண்டு இருக்குதா அப்பா?" என்று கேட்டேன். "தொர கையால கொடுத்தாருன்னு சொன்னேனே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் அவர் இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் திறப்பது பற்றிக் கதைக்கப் போயிருந்தார். நான் தட்டை அரத்தை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்தேன். ஐந்து எண்களும் ஒரு எழுத்தும். வெள்ளைக்காரன் ஆழமாகக் குத்தியிருந்தான், லேசில் போகவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. கண்ணில் இரும்புத் தூள் விழுந்தது. கடைசி எண் போகும்வரை ராவினேன்.

எந்தச் செல் துண்டும் அந்த இடத்தில் படவில்லை. நான் செய்ததுதான் அது. இங்கே எதற்கும் யுத்தத்தின்மேல் பழியைப் போடலாம், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், அந்த வசதியை நான் பயன்படுத்திக்கொண்டேன். காரைக் காப்பாற்றத்தான் ராவினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்ட நாட்களும் உண்டு. அதுவும் பொய். என் அப்பா களவெடுத்தவர் என்று நான் நம்பினேன், அதனால்தான் ராவினேன். பின்னேரம் அவர் வந்து பார்த்தார். சட்டத்தில் அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது, நான் கட்டியிருந்த சாரமெல்லாம் தூள். கத்துவார் என்று நினைத்து நின்றேன். கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். "என்கிட்ட இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு கிறீஸ் டப்பாவைத் திறந்து, துருப்பிடிக்காமல் இருக்க அந்த இடத்தில் விரலால் பூசிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் காரை அவர் தன்னுடையதாக நினைக்கவே இல்லை. "தம்பி, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டா?" என்று என்னிடம் கேட்பார். என் அப்பா என்னிடம் அனுமதி கேட்பார். நான் "ம்" என்பேன். கடைசி இடப்பெயர்வுக்கு முன்னால்கூட, "எஞ்சின கழட்டிப் பொதச்சிட்டுப் போவமா, ஒனக்குச் சரின்னா" என்றுதான் கேட்டார். கிறீஸ் பூசிப் பொலித்தீனில் சுற்றி மாட்டுக்கொட்டிலுக்குள் தாட்டுவிட்டுப் புறப்பட்டோம். சுத்தியல் அந்த ஓட்டத்தில் எங்கோ போய்விட்டது. உடையார்கட்டு என்ற இடத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். உனக்கு அது ஞாபகம் இருக்கும், நீ அவர் காலடியில் இருந்தாய். மூன்று நாள் பேசும் நிலையில்தான் இருந்தார். நானும் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீள்குடியேறி வந்தபோது பற்றைக்குள் கார் இரண்டு சில்லு இல்லாமல் கிடந்தது, எஞ்சின் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது.

இப்போது அந்தக் கடதாசிக்கு வருகிறேன். தொப்பிக்கார ஐயா இரண்டாம் முறை வந்தபோது போனில் ஒரு படத்தைக் காட்டினார். துரையின் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாவாம். நீ போட்ட படத்தைக் காட்டி அவர் விசாரித்தபோது, தகப்பனின் பந்தயக் குறிப்புப் புத்தகத்திலிருந்து அவா ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாவாம். எந்தப் பந்தயத்தில் எத்தனை நிமிடம், எந்த எண்ணெய், எந்த ரயர், எல்லாம் எழுதி, கடைசியில் காரின் இலக்கத்தோடு இங்கிலிஷில் ஒரு குறிப்பும் இருந்தது. அதன் அர்த்தம் இதுதான் அங்கிள் என்று அவர் ஏதோ சொன்னார். நான் நம்பவில்லை. இந்தக் காலத்தில் கடதாசி செய்வது கடலை வறுப்பதைவிடச் சுலபம். அதனால்தான் அந்தப் படத்தை அங்கேயே உனக்கு அனுப்பி வாசிக்கச் சொன்னேன். வவுனியாவில் வாகனக் காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்யும் நீ இப்படிப்பட்ட கடதாசிகளைத் தினம் பார்க்கிறவன். நீ போனில் வாசித்தாய்: "அப்பா, இப்பிடி இருக்கு. இண்டையில இருந்து இந்தக் கார் மாரிமுத்துவின்ர. இதுக்குச் சாவி இல்லை, அதால சில்லுச் சுத்தியலை அவற்ற கையில குடுத்தனான் எண்டு எழுதியிருக்கு. சுத்தியலாம், என்ன பகிடி!" உனக்குச் சிரிப்பு வந்தது. சுத்தியல் கதையை நான் உனக்குச் சொன்னதில்லை, உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை, வெட்கத்தில். தாத்தாவும் துரையும் நானும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாத விஷயத்தை யாராலும் பொய்யாக எழுத முடியாது. என் வாழ்நாளில் ஒரு கடதாசியை முழுதாக நம்பினேன் என்றால் அதைத்தான். என் அப்பா களவெடுக்கவில்லை. அதை நிரூபிக்க உலகத்தில் இரண்டு பொருள் இருந்தன, ஒன்று அந்தப் புத்தகம், மற்றது நம் கொட்டிலில் இருந்தது. கொட்டிலில் இருந்ததை நானே ராவித் தள்ளிவிட்டேன்.

நீ உடனே அடுத்ததைச் சொன்னாய். "இப்ப நம்பர் தெரியும்தானே அப்பா, திருப்பி அடிச்சாச் சரி. இல்லாததையோ அடிக்கப் போறம்? இருந்ததைத்தானே அடிக்கிறம்." அன்றிலிருந்து எனக்கு உன்மேலும் ஒரு கண். நாளுக்குப் பத்து வாகனத்தின் அடியில் குனிந்து, இலக்கத்தில் கள்ளம் இருக்கிறதா என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நீ. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்த வண்டிக்குக் கையெழுத்துப் போடுவாயா? இதில் உனக்கு அந்த ஐயா ஏதாவது சொல்லி வைத்திருக்கிறாரா, கலியாணத்துக்கு மண்டபம் கிண்டபம் என்று ஆசை காட்டினாரா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். என் அப்பாவைப் பற்றி யோசித்த அதே புத்திதான் இதுவும் என்று விளங்கியது. இருந்தாலும் முழுதாக நிற்கவில்லை, மறைக்காமல் சொல்கிறேன்.

ஆவணியில் உன் வீட்டுக்கு ஒரு பிள்ளை வருகிறாள். அவளிடம் நீ எதையும் கேட்கலாம். எங்கே போனாய், யாரோடு கதைத்தாய், இந்தக் காசு எங்கிருந்து வந்தது, எதை வேண்டுமானாலும் கேள். கேட்பது தப்பில்லை. அவள் சொன்ன பிறகு, மத்தியானம் பார்த்து, அவள் இல்லாத நேரத்தில், அரத்தை எடுத்துக்கொண்டு போகாதே. உன் மாமாவைப் போல ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தேத்தண்ணி கொடு, சீனி கூடப் போட்டுக் கொடு, ஆனால் அவர் சொன்னதை எழும்பிப் போய்ச் செய்யாதே. சந்தேகப்படுகிறவன் புத்திசாலி என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். யுத்தத்துக்குள் அது என்னைப் பல தடவை காப்பாற்றியும் இருக்கிறது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் அது யாரையும் காப்பாற்றவில்லை.

அந்த ஐயா எழுதிய வரலாற்றைத் தமிழில் அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். பந்தயங்கள், துரை, எஞ்சின் எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், யுத்தத்தில் சிதைந்த அடிச்சட்ட இலக்கம் மூலக் குறிப்புப்படி மீண்டும் பொறிக்கப்பட்டது என்று ஒரு வரி. யுத்தம் என்றால் கூடுதல் மதிப்பாம். அந்த வரியில் நான் கையெழுத்துப் போட்டால், என் அப்பாவின் பெயரை அழித்த குற்றத்தை யாரோ எறிந்த செல்லின்மேல் ஏற்றிவிட்டு நான் நல்லவனாகிவிடலாம். இலக்கமும் திரும்ப வந்துவிடும், பார்க்க ஒரு குறையும் தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் அச்சைக் கொண்டுவரட்டும், சட்டத்தில் வைக்க விட மாட்டேன். இலக்கம் இல்லாவிட்டால் இது வெறும் பழைய இரும்பு என்று அவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் வாங்க ஆசை இருந்தால், இப்படியே வாங்கிக்கொண்டு போகட்டும். உன் கலியாணத்துக்கு இந்தக் காரை நம்பியிருந்தாய் என்பது எனக்குத் தெரியும். அதற்கு என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

அவருடைய தாளில் அந்த வரியை வெட்டிவிட்டு, பேனாவால் நானே எழுதியிருக்கிறேன்: இந்தக் கார் மாரிமுத்துவுக்கு அதன் சொந்தக்காரர் கையால் கொடுத்தது, அதை நம்பாமல் மாரிமுத்துவின் மகன் இலக்கத்தை அரத்தால் ராவினான். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். மடியில் வைத்து எழுதியது, எழுத்துக் கோணலாக இருக்கும், போலி என்று நீ சந்தேகப்படாதே. சாட்சி என்று எழுதி, பக்கத்தில் உன் பெயரையும் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா